விரலிடுக்கில் ஒரு சில்லு

முசிறித் துறையிலிருந்து ரோமாபுரிக்குக் கப்பலேறிய சரக்குகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மிளகோடு நிறுத்திவிடுகிறோம். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதிய ‘எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்’ அப்படி நிறுத்தவில்லை. முத்து, யானைத் தந்தம், பட்டு, ரத்தினக் கற்கள் என்று நீளும் அந்த வரிசையில் ஆமையோடும் இருக்கிறது. அதிலும் இரண்டு வகை. கிழக்கே பொன் தீவு என்று அவர்கள் அழைத்த இடத்திலிருந்து வந்தது ஒன்று. தமிழகக் கரையோரத் தீவுகளில் பிடிபட்டது இன்னொன்று. வாங்கிப்போன ரோமானியச் செல்வந்தர்கள் அதை மெல்லிய தகடாக அறுத்துக் கட்டில்களிலும் அலமாரிகளிலும் ஒட்டி அழகு பார்த்தார்கள்.

கட்டிலில் ஒட்டிய அதே பொருள், ஏறத்தாழ 1900 வருஷம் கழித்து, பாரிஸ் நகரத்து நடன விடுதிகளில் ஒரு சிறு சில்லாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தது. கிதார்காரர்கள் அதைப் பிக் என்பார்கள். ஜிப்சி ஜாஸ் என்ற இசையின் உயிர் அந்தச் சில்லிலும் அதைப் பிடித்த வலது கையிலும்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தச் சில்லின் கதையைக் கூமாப்பட்டியில் உட்கார்ந்து எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த ஓடு அழுங்காமையினுடையது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைப் பக்கம் இன்றும் திரிகிற கடலாமை. மற்றக் கடலாமைகளின் ஓட்டில் தகடுகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இதற்கு மட்டும் முதுகில் பதின்மூன்று பெரிய தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் படிந்திருக்கும். தேன் நிறமும் கரும்பழுப்புமாகக் கலந்த தகடுகள். வெந்நீரில் போட்டால் இளகி, வளைத்த பக்கம் வளைந்து, ஆறியதும் அப்படியே இறுகிக்கொள்ளும். அது கெரட்டின் என்ற பொருளால் ஆனது. நம் விரல் நகமும் அதேதான். நரம்பு வாத்தியக்காரர்கள் ஏன் இந்த ஓட்டுக்கு ஆசைப்பட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. நகத்தால் மீட்டினால் வரும் சதைப்பற்றான நாதம், ஆனால் நகத்தைவிடத் தடிமனாக, உடையாமல், எத்தனை வேகத்துக்கும் ஈடுகொடுத்து.

யாழுக்கும் வீணைக்கும் விரல் போதும். வீணைக்காரர்கள் நகத்தை வளர்த்துக்கொள்வார்கள், அல்லது விரலில் கம்பியைச் சுற்றி மாட்டிக்கொள்வார்கள். மேற்கே அரபு நாடுகளில் ஊத் என்ற வாத்தியத்துக்குக் கழுகின் இறகுத் தண்டு வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதிலிருந்து ஸ்பெயினின் கோர்தோபாவுக்குப் போன சிர்யாப் என்ற பாடகர்தான் மரத்துண்டை விட்டு இறகுத் தண்டுக்கு மாறியவர் என்று ஒரு மரபு சொல்கிறது. ஊத் ஐரோப்பாவில் லூட் ஆனது. இறகும் கூடவே போனது. பிறகு நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலினில் எஃகுக் கம்பி ஏறியதும் இறகின் கதை முடிந்தது. எஃகைத் தாங்க இறகால் முடியாது. அந்த இடத்துக்குத்தான் ஆமையோடு வந்தது.

பெல்ஜியத்தின் லிபெர்ஷி கிராமத்தில் 1910 ஜனவரி 23 அன்று, ஊர் ஊராகச் சென்ற ரொமானி மக்களின் வண்டி ஒன்றில் ஜாங்கோ ரைன்ஹார்ட் பிறந்தார். அவருடைய மக்கள் மானூஷ் என்ற பிரிவினர். ரொமானி மொழி வட இந்திய மொழிகளின் உறவு என்பதை 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஐரோப்பிய மொழியியலாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து கிளம்பியவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். ஜாங்கோ பள்ளிக்கூடம் போனதில்லை. பாரிஸின் நடன விடுதிகளில் அக்கார்டியன்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாஞ்சோ வாசித்தார். அக்கார்டியன் ஒரு முழு மண்டபத்தையும் நிரப்பும் வாத்தியம். மைக் கிடையாது. அதன் பக்கத்தில் தன் சத்தம் காதில் விழவேண்டும் என்றால் வலது கை அடித்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்தில் உருவான கை அது.

1928 நவம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு. ஜாங்கோவுக்கு வயது 18. வண்டிக்குள் அவருடைய மனைவி விற்பனைக்காகச் செய்துவைத்திருந்த செலுலாய்டு பூக்கள் குவிந்து கிடந்தன. ஒரு மெழுகுவர்த்தி போதுமானதாக இருந்தது. செலுலாய்டு என்பது நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சையும் கற்பூரத்தையும் சேர்த்துப் பிசைந்த பொருள். சூடம் பற்றுவதைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. ஜாங்கோவின் காலும் இடது கையும் வெந்துபோயின. காலை எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொல்ல, அவர் மறுத்தார். ஏறத்தாழ ஒன்றரை வருஷம் படுக்கை. தம்பி ஜோசப் கொண்டுவந்து கொடுத்த கிதாரில் மறுபடி தொடங்கினார். இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கி மடங்கிவிட்டன. மிச்சம் இரண்டு விரலை வைத்து அவர் வாசித்ததை உலகம் இன்னும் வியந்து பேசிக்கொண்டிருக்கிறது.

வியப்பு நியாயமானது. ஆனால் அந்தப் பேச்சில் வலது கை மறைந்துபோனது. நெருப்பு அதைத் தொடவில்லை. நடன விடுதியில் பழகிய அடி அப்படியே இருந்தது. இடது கையில் இரண்டு விரல் குறைந்தபின், ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்குப் பாய்வதும், கிதாரின் கழுத்து நெடுக ஒரே மூச்சில் ஏறுவதும் அவருக்கு அன்றாடம் ஆனது. அந்தப் பாய்ச்சலுக்கு வழிவிட்டது வலது கைதான்.

இதில் என்னை உலுக்குகிற விஷயம் ஒன்று உண்டு. 1922இல் நியூயார்க்கில் லூயிஜி தாந்திரேயா என்பவர் செலுலாய்டு தகட்டை இதய வடிவ அச்சால் வெட்டி, ஆமையோட்டுக்குப் பதிலாக மலிவான பிக்குகளை விற்க ஆரம்பித்திருந்தார். இன்று உலகம் முழுக்கக் கிடைக்கும் அந்தச் சின்ன முக்கோணப் பிக்கின் தொடக்கம் அதுதான். ஆக, ஜாங்கோவின் இடது கையை எரித்த பொருளும், வலது கைச் சில்லாக உலகெங்கும் பரவிய பொருளும் ஒன்றே. ஆனால் ஜாங்கோ தடித்த ஆமையோட்டுப் பிக்கால் வாசித்தார் என்பதே பரவலாகச் சொல்லப்படுவது.

1934இல் வயலின்காரர் ஸ்டெபான் கிராப்பெல்லியோடு சேர்ந்து அவர் தொடங்கிய ஹாட் கிளப் ஐவர் குழுவில் டிரம்ஸ் கிடையாது. ஒரு வயலின், மூன்று கிதார், ஒரு டபுள் பாஸ், அவ்வளவுதான். அதில் இரண்டு கிதார் தாளத்துக்கு மட்டும். அவர்கள் கையில் இருந்தது செல்மர் நிறுவனம் 1932 முதல் செய்த கிதார். வடிவமைத்தவர் மாரியோ மக்காஃபெரி என்ற இத்தாலியக் கலைஞர். முன்வரிசைக்குக் கேட்டால் போதாது, கடைசி வரிசைக்கும் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகவே பிறந்த பெட்டி அது. அந்த மக்காஃபெரி பின்னாளில் அமெரிக்கா போய் பிளாஸ்டிக் துணிக் கிளிப்பும் பிளாஸ்டிக் உகுலேலேயும் செய்து பெயர் வாங்கினார் என்பது இந்தச் சில்லின் வரலாற்றுக்கு மிகப் பொருத்தமான கிளைக்கதை.

இனி அந்த வலது கையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

கிதார் வகுப்புகளில் பொதுவாகச் சொல்லித்தருவது ஒன்றுவிட்டு ஒன்று: கீழே ஓர் அடி, மேலே ஓர் அடி, இழை மாறினாலும் இந்த வரிசை மாறாது. ஜிப்சி ஜாஸில் இந்த விதி செல்லாது. அங்கே விதி இரண்டுதான். முதலாவது, கீழ் அடி எப்போதும் ஓய்வடி. பிக் இழையைத் தட்டிவிட்டு ஆகாயத்தில் நிற்பதில்லை. இழையைத் தாண்டி அடுத்த இழையின் மேல் போய் உட்காருகிறது. அடியின் திசையும் நேராகத் தரையைப் பார்த்து இருக்காது. கொஞ்சம் கிதார்ப் பெட்டிக்குள் இறங்குகிற மாதிரி இருக்கும். அதனால் இழையும் உள்நோக்கி அதிர்ந்து மேல்பலகையை நன்றாக ஆட்டுகிறது. சத்தத்தின் ரகசியம் அங்கே. இரண்டாவது விதி, எந்த இழைக்குப் போனாலும் முதல் அடி கீழ் அடிதான். முந்தைய இழையில் கடைசியாக அடித்ததும் கீழ் அடியாக இருந்தால்கூட, மறுபடி கீழ் அடிதான். ஓர் இழையில் மூன்று ஸ்வரம் என்றால் கீழ், மேல், கீழ். அடுத்த இழை திரும்பவும் கீழ்.

இந்த இரண்டு விதியும் ஒன்றுக்கொன்று எப்படிக் கைகொடுக்கின்றன என்பதைக் கவனித்தால் ஒரு தலைமுறையின் புத்திசாலித்தனம் தெரியும். தடித்த இழையிலிருந்து மெல்லிய இழை நோக்கிப் போகும்போது, ஓய்வடி முடிந்த இடமே அடுத்த அடி தொடங்கும் இடம். பிக் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அடுத்த ஸ்வரம். ஆறு இழையையும் ஒரே சறுக்கில் கடந்துவிடலாம். ஜாங்கோவின் வாசிப்பில் திடீரென்று மேலே சீறிப் போகும் அந்த அடுக்குகள் பெரும்பாலும் இப்படி வந்தவை. ஏறுவது சுலபம் என்றால் இறங்குவது கடினம். மெல்லிய இழையிலிருந்து தடித்த இழைக்கு வரும்போது பிக் இழையைத் தாண்டி மேலே வந்து, திரும்பக் கீழே இறங்கவேண்டும். வேகமான இறங்குவரிசையில் பெரும்பாலோருக்குத் தாளம் பிசகுவது இங்கேதான். மாதக்கணக்கில் மெதுவாகப் பழகுவதைத் தவிர இதற்கு வேறு வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கையின் நிலையும் வேறு. கிதார் பழகுகிறவர்கள் பலர் சுண்டு விரலையோ உள்ளங்கையின் ஓரத்தையோ பெட்டியில் ஊன்றிக்கொள்வார்கள். இங்கே ஊன்றக்கூடாது. முன்கை மட்டும் பெட்டியின் விளிம்பில் படும். மணிக்கட்டு வெளிப்பக்கம் வளைந்து, கை முழுவதும் இழைகளுக்கு மேல் மிதக்கும். மடங்கிய விரல்கள் பலகையை உரசினால் உரசட்டும், ஆனால் பாரம் அதில் இல்லை. அடி தோளிலிருந்தும் வராது, விரலிலிருந்தும் வராது. வத்திராயிருப்பு வயல்களில் நாற்று முடியிலிருந்து சேற்றை உதறுகிற பெண்களின் மணிக்கட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த அசைவு புரிந்துவிடும்: இறுக்கமே இல்லாமல், பாரத்தைக் கீழே போட்டுவிடுகிற ஓர் உதறல்.

தாளக் கிதாருக்கும் இதே மணிக்கட்டுதான். ‘லா போம்ப்’ என்று பெயர். நாலு தட்டில் ஒன்றாவதும் மூன்றாவதும் லேசாக. இரண்டாவதும் நாலாவதும் சுருக்கென்று வெட்டி, உடனே இடது கை தளர்ந்து நாதத்தை அடக்கிவிடவேண்டும். டிரம்ஸ் இல்லாத குழுவில் டிரம்ஸின் வேலையை இதுதான் செய்தது. இதை ஒரு வருஷமாவது ஒழுங்காக வாசிக்காதவரைத் தனி வாசிப்புக்கு விடக்கூடாது என்பது என் கட்சி.

1953 மே மாதம் ஜாங்கோ இறந்தபோது அவருக்கு வயது 43. இந்த வலது கைப் பாடம் எந்த இசைப் பள்ளியிலும் எழுதிவைக்கப்படவில்லை. பிரான்சிலும் நெதர்லாந்திலும் ரொமானிக் குடும்பங்களுக்குள், சித்தப்பா கையைப் பார்த்துப் பையன், அண்ணன் கையைப் பார்த்துத் தம்பி என்று போய்ச் சேர்ந்தது. ஸ்டோக்கெலோ ரோசன்பெர்க்கும் பிரெலி லாக்ரேனும் அப்படிக் குடும்பத்துக்குள் வளர்ந்தவர்கள். வெளியாட்களுக்கு விதியாக எழுதிக் கொடுத்தவர்களில் அமெரிக்கரான மைக்கேல் ஹாரோவிட்ஸ் முக்கியமானவர். அவருடைய புத்தகம் வந்தபின்தான் உலகின் மற்ற மூலைகளில் இருப்பவர்கள் தங்கள் இடது கையை விட்டுவிட்டு வலது கையைத் திருத்த ஆரம்பித்தார்கள்.

அதற்குள் சில்லின் பொருள் மாறிவிட்டிருந்தது. மாறத்தான் வேண்டும். சீப்பு, கண்ணாடிச் சட்டம், பெட்டி, பிக் என்று மனிதன் ஆசைப்பட்டு ஆசைப்பட்டு அழுங்காமையை அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டான். 1977இல் உலகம் முழுவதும் உள்ள அழுங்காமை பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் ஏறியது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஓட்டை வாங்குவதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல் தேசியப் பூங்கா ஆயின. பெரிப்ளூஸ் எழுதியவர் குறித்த வணிகம் தமிழகக் கரையில் ஒருவழியாகச் சட்டப்படி முடிந்தது. நல்ல இசைக்காக ஓர் உயிரினம் போகட்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆமையோட்டு நாதத்துக்கு ஈடு இல்லை என்று இன்றும் ஏங்குகிற கலைஞர்களிடம் எனக்குப் பரிவு உண்டு, உடன்பாடு இல்லை.

அதன்பின் நைலான், டெல்ரின் என்று வரிசையாக வந்தன. ஜிப்சி ஜாஸ்காரர்களுக்கு மெல்லிய பிக் ஆகாது. சாதாரணப் பிக் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. அது எஃகு இழையின் மேல் வளைந்துகொடுக்கும், வளையும் நேரத்தில் அடியின் பலம் வீணாகும். நெதர்லாந்தின் மிஷெல் வேகன் இவர்களுக்காகவே 3.5 மில்லிமீட்டரிலும் 5 மில்லிமீட்டரிலும் கையால் தேய்த்துப் பிக் செய்தார். ஐரோப்பாவின் பெரிய கலைஞர்கள் பலர் கையில் இன்று இருப்பது அதுதான். அங்கிருந்து தருவித்தால் ஒரு சின்னச் சில்லுக்குத் தபால் செலவே கண்ணைக் கட்டும்.

இங்கேதான் கூமாப்பட்டி வருகிறது. 2025இல் ரீல்ஸ் மூலமாகத் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துபோன ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம், பிளவக்கல் அணைத் தண்ணீர், வயல், அதற்கப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னந்தோப்பு. உடைத்த தேங்காயின் சிரட்டை இங்கே அடுப்பெரிக்கவும் கரி சுடவும் போகிறது. அந்தச் சிரட்டையின் தடிமன் சுமார் மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர். வேகன் தேய்த்துத் தேய்த்து எட்டிய கனம், மரத்திலிருந்து அப்படியே விழுகிறது.

சிரட்டையில் பிக் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சரோத் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேங்காய்ச் சிரட்டையில் செய்த ‘ஜவா’வால்தான் மீட்டுகிறார்கள். அலி அக்பர் கான் கையில் இருந்ததும் சிரட்டைதான். ஆப்கானிய ரபாபின் வழிவந்த சரோதும் எஃகு இழைதான், அதிலும் வலது கையின் கீழ் அடிதான் பிரதானம். தேங்காய் விளையாத வடக்கே சிரட்டை வாத்தியத்துக்குப் போயிருக்க, தேங்காய்க்கு நடுவே இருக்கிற நாம் அதை அடுப்பில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

செய்வது இப்படி. நன்றாக முற்றிக் காய்ந்த காயின் சிரட்டை வேண்டும். இளங்காயின் சிரட்டை விளிம்பில் பிசிறும். கண் இருக்கும் முனையை விட்டுவிட்டு, வளைவு குறைந்த நடுப்பக்கத்தில் மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டை ஹேக்ஸா பிளேடால் அறுத்துக்கொள்ள வேண்டும். வெளிப்பக்க நாரை அரத்தால் சுரண்டி எடுத்தபின் 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 400, கடைசியில் 1000. சிரட்டையின் இயற்கையான வளைவை முழுக்கத் தேய்த்துத் தட்டையாக்கிவிடக் கூடாது. கட்டைவிரல் அந்தக் குழிவில் வந்து பொருந்தும், வியர்த்தாலும் வழுக்காது. முனையைக் கூராக்காமல் மழுக்கி, இழையைத் தொடுகிற ஓரத்தை மட்டும் சாய்வாகச் சீவி, அந்தச் சாய்வைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்க வேண்டும். அங்கே ஒரு கீறல் இருந்தாலும் ஒவ்வோர் அடியிலும் ‘சர்’ என்று உராய்வுச் சத்தம் கேட்கும். கடைசியில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் பூசி ஓர் இரவு வைத்தால் கருத்துப் பளபளக்கும். நாதம் பிளாஸ்டிக்கைவிடக் கதகதப்பு, ஆமையோட்டைவிடக் கொஞ்சம் கரகரப்பு. எஃகு இழை அதன் ஓரத்தைத் தின்னும். அப்போதெல்லாம் 1000 நம்பர் தாளில் நாலு இழுப்பு இழுத்தால் திரும்ப வேலைக்கு வந்துவிடும்.

பிக்கைப் பிடித்தால் கர்நாடக இசை வராது என்று ஒரு காலத்தில் சபாக்களில் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். பாலக்கொல்லுவிலிருந்து வந்த சிறுவன் யு. ஸ்ரீனிவாஸ் 1981இல் சென்னையில் மாண்டலினோடு மேடையேறியபின் அந்தப் பேச்சு தேய்ந்துபோனது. அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதைப் பிக்கில் தேடிப் பிடிப்பான். இன்னொரு பக்கம், ஜாங்கோவின் பழைய தோழர் கிராப்பெல்லியும் நம் எல். சுப்பிரமணியமும் சேர்ந்து வயலின் வாசித்த ‘கான்வர்சேஷன்ஸ்’ என்ற இசைத்தட்டே இருக்கிறது. ஆக, இந்த இசைக்கும் நமக்கும் இடையில் கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது.

கர்நாடக இசையின் ஆரம்பப் பாடம் கற்றவர்கள் இதற்குள் நுழைய ‘மைனர் ஸ்விங்’ நல்ல வழி. 1937இல் ஜாங்கோவும் கிராப்பெல்லியும் பதிவு செய்தது. முழுப் பாட்டும் மூன்று கார்டுகளைச் சுற்றியே போகிறது: ஏ மைனர், டி மைனர், ஈ செவன்த். ஈ செவன்த்தில் வருகிற காகலி நிஷாதத்தைச் சேர்த்துக்கொண்டால் கையில் இருப்பது கீரவாணி. பாட்டைத் தொடுமுன் கீரவாணியில் ஜண்டை வரிசையை வலது கைக்காக மட்டும் வாசிக்கலாம். ஸஸ ரிரி கக என்று ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு முறை வருவதால், ஒவ்வொரு ஜோடியும் கீழ் அடி, மேல் அடி. இழை எங்கே மாறினாலும் ஜோடி கீழ் அடியிலேயே தொடங்கும்; இரண்டாவது விதி தானாகவே காப்பாற்றப்படும். நம் ஆசிரியர்கள் ஜண்டையில் இரண்டாவது ஸ்வரத்துக்குத்தான் அழுத்தம் கொடுக்கச் சொல்வார்கள். அது மேல் அடியில் விழுகிறது. ஓய்வடியின் பலத்தில் கீழ் அடி ஓங்கிவிட, மேல் அடி மெலிந்துபோவதுதான் இந்தக் கையின் பெரிய குறை. அந்தக் குறைக்கு ஜண்டை வரிசையே மருந்து. அது சீராக வந்தபின் தாட்டு வரிசை. அதில் ஸ்வரங்கள் இடைவெளி விட்டுத் தாவும். மெல்லிய இழையிலிருந்து தடித்த இழைக்குத் திரும்பத் திரும்ப இறங்கவேண்டி வரும். தொடக்கத்தில் முதல் காலத்தில், மெட்ரோனோமை 60இல் வைத்து. ஒவ்வொரு கீழ் அடியிலும் சிரட்டை அடுத்த இழையில் உட்கார்ந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும். வேகத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.